மார்சியாவுக்கு வர வேண்டிய வேலை

முதல் சனிக்கிழமை பதினான்கு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் கறுப்பினப் பெண்கள். நான் புரொஜெக்டரைப் போட்டு என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், "மார்சியா எங்கே?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"அவர் வரமாட்டார். இனி நான்தான் உங்கள் லைஃப் கோச்" என்றேன்.

இரண்டு பேர் கடைசிவரை கோட்டைக் கழற்றவேயில்லை.

நான் சொன்ன 'ஓம்'

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் நான் வேலைவாய்ப்பு ஆலோசகராக இருந்தேன். மார்சியா அங்கே ரிசெப்ஷனில் இருந்தார். சிறு வயதில் ஜமேக்காவிலிருந்து வந்தவர். சனிக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசுவார். பதவி உயர்வை எப்படிக் கேட்பது, பிள்ளையின் பள்ளிக்கூட அதிபரிடம் எப்படிப் பேசுவது, தனக்கென்று ஒரு மணி நேரத்தை எப்படி ஒதுக்குவது, இப்படி. அதை முறையான பயிற்சித் திட்டமாக்க அவரே விண்ணப்பம் எழுதினார். நான் எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தேன். நிதி கிடைத்தது.

டிரெக்டர் சிவா அண்ணை என்னைத்தான் கூப்பிட்டார்.

"உம்மட்டைத்தான் கோச்சிங் சேர்டிபிகேற் இருக்கு. நீர் எடும்."

"அண்ணை, உது மார்சியாவின்ர புரோகிராம். கறுப்புப் பொம்பிளையளுக்கெண்டு அவ செய்தது."

"நீரும் வெள்ளைக்காரி இல்லைத்தானே? அவ நல்லவதான், ஆனா சத்தமாக் கதைக்கிறா. நிர்வாக போர்ட் ஆக்களுக்கு முன்னால சரிவராது."

சிவா அண்ணையின் குரல் பார்க்கிங் வரை கேட்கும். அதை நாங்கள் ஆளுமை என்போம். இதை அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் பத்து வருடமாக ஒப்பந்தத்தில் இருந்த எனக்கு அது நிரந்தர வேலை. "ஓம் அண்ணை" என்று ஒப்புக்கொண்டேன்.

மார்சியா என் மேசைக்கு வந்து வாழ்த்தினார். "குழுவில் டெனிஸ் என்ற பெண் முதலில் பேசமாட்டார். அவசரப்படுத்தாதே" என்று சொல்லித் தந்தார். அடுத்த வாரம் வேலையை விட்டுப் போய்விட்டார்.

டெனிஸ் கேட்டது

டெனிஸ் பஸ் ஓட்டுபவர். மூன்றாவது சனிக்கிழமைதான் வாயைத் திறந்தார். தன்னைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் எழுதிவைத்திருக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"முதலில் சிரியுங்கள். குரலைக் கொஞ்சம் குறைத்துப் பேசிப் பாருங்கள். எனக்கு அது உதவியது" என்றேன்.

"இருபது வருடமாகக் குறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். இன்னும் எவ்வளவு குறைக்க வேண்டும்?"

சிவா அண்ணை மார்சியாவைப் பற்றிச் சொன்னதையே நான் டெனிஸிடம் சொல்லியிருந்தேன்.

அடுத்த வாரம் டெனிஸ் வரவில்லை. பனி கரைந்தபோது நாலு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். மார்சியாவைத் திருப்பிக் கூப்பிடச் சொல்லி இரண்டு தடவை சிவா அண்ணையின் அறைக்குப் போனேன். இரண்டு தடவையும் வேறு ஏதோ கதைத்துவிட்டு வந்தேன். வருட முடிவில் நிதி நின்றது. இறுதி அறிக்கையில், "பங்கேற்பாளர்களின் ஆர்வம் குறைவாக இருந்தது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வேலைக்காலத்தில் நான் எழுதிய மிகக் கேவலமான வசனம் அதுதான்.

மார்க்கம் நகரில் ஒரு கோப்பிக் கடை

ஓய்வுபெற்ற பிறகு மார்சியாவைத் தேடிப்பிடித்துச் சந்தித்தேன். இப்போது அவர் சொந்தமாகப் பயிற்சி நடத்துகிறார். அந்த அறிக்கை உட்பட எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அது பிழை என்று அன்றைக்கே தெரியுமா? பிறகுதான் விளங்கியதா?" என்று கேட்டார்.

"அன்றைக்கே தெரியும்."

மார்சியா கோப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"நான் வேறு இடத்தில் தொடங்கிவிட்டேன். என்னை விடு. டெனிஸை எத்தனையோ தடவை கூப்பிட்டேன். இனி எந்தக் கூட்டத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார்."

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு பொறுப்பை உங்கள் கையில் தரும்போது, அதை உருவாக்கியவர் யார் என்று கேளுங்கள். பதில் உங்களுக்கு முதலே தெரியுமென்றால், அந்த அறையிலேயே சொல்லி, அதில் உறுதியாக நில்லுங்கள். நான் ஒரு தடவை சொல்லிவிட்டு 'ஓம்' என்றேன், முழுவதையும் சொன்னது வருடங்கள் கழித்துக் கோப்பிக் கடையில்தான். அப்போது டெனிஸ் அங்கே இல்லை.