தும்மல் மாமாவின் பழைய சளிகள்

அவர் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். பிள்ளைகளுக்கு வந்த சளியெல்லாம் அவருக்கும் வந்தது. அவர்கள் வைத்த பெயர் தும்மல் மாமா. கணையத்தில் புற்றுநோய், அறுவை சிகிச்சைக்கு வழியில்லை என்றான பிறகு, அவரைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு நான் அவர் வீட்டுக்குப் போனேன். காலையில் எடை குறைகிறதா என்று பார்ப்பதும், சாப்பாட்டோடு செரிமான மாத்திரை கொடுப்பதும் என் வேலை. கேள்வி கேட்பது அவர் வேலை.

மருத்துவமனையில் மரபணு சிகிச்சை ஆய்வு ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். சளி உண்டாக்கும் ஒரு வைரஸைப் பெருக முடியாதபடி முடக்கி, அதில் ஒரு மரபணுவை ஏற்றி, நேரே கட்டிக்குள் ஊசி போடுவார்களாம்.

“அது உள்ள போய் என்ன பண்ணும், டாக்டரம்மா?” என்று ஆய்வை நடத்தும் டாக்டரிடம் கேட்டார் மாமா.

“மரபணுவை செல்லுக்குள்ள இறக்கிவிடும். அதுக்கப்புறம் செல்லே தன்னை அழிச்சுக்கும். அதான் எதிர்பார்ப்பு.”

“அப்ப வைரஸ் வெறும் டிரைவர். நம்ம ஆளு!”

ஒரு சிக்கல் இருந்தது. அந்த வைரஸுக்கு எதிர்ப்பு சக்தி ரத்தத்தில் ஏற்கெனவே அதிகமாக இருந்தால், ஆய்வில் சேர்க்க மாட்டார்கள்.

இதைக் கேட்டதும் அவர் மனைவி வீட்டில் இருந்த ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டார். பார்க்க வந்த பேரனையும் வாசலோடு அனுப்பினார்.

“இப்ப வர்ற சளி இல்லம்மா, என்னைக்கோ வந்த சளிதான் கணக்கு. ஜன்னலைத் திறங்க, புழுங்குது” என்றேன்.

“என்னைக்கோ வந்ததா? அக்கா, இவருக்கு வராத சளி ஏது?” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாளில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எதிர்ப்பு சக்தி குறைவு, சேரலாம்.

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. “முப்பத்தொரு வருஷம் தும்மினேனே, ஒண்ணுகூடவா இது இல்ல?”

“சளிக்கு நூத்துக்கணக்குல வைரஸ் இருக்கு. இது உங்க பஸ்ல ஏறலை போல” என்றார் டாக்டர்.

ஊசி போட்ட அன்று மாலை நூற்றொன்று காய்ச்சல். வரும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். குறித்துக்கொண்டு மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொன்னேன். இரண்டாம் நாள் இறங்கியது. உள்ளே ஏதாவது நடக்கிறதா என்பது எட்டு வாரம் கழித்து ஸ்கேனில்தான் தெரியும். அதுவரை வேறு எதையும் அடையாளம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று இருவரிடமும் சொல்லிவைத்தேன்.

இரண்டு வாரத்துக்குச் சின்னப் பிள்ளைகளை அவர் பக்கத்தில் விடக் கூடாது என்பது ஆய்வின் விதி. பேரன் திறந்த ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று கையசைத்தான்.

“இத்தனை வருஷம் அதுங்க எனக்குக் கொடுத்துச்சுங்க. இப்ப நான் கொடுத்துடக் கூடாதாம்!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“சிரிச்சது போதும், தராசுல ஏறுங்க” என்றேன்.

எடை முந்தின நாள் இருந்த அதேதான்.