சாவை விட்டுவிட்டு வாசித்த கோடை

நம் நாவலாசிரியர்களுக்கு யாரையாவது கொன்றுவிட வேண்டும் என்று அப்படி என்ன அவசரமோ, எனக்குப் புரியவில்லை. சென்ற கோடையில் என் அக்காவுக்காகப் புத்தகம் புத்தகமாக வாசித்தேன். ஒரு நாவலில்கூட எல்லோரும் கடைசிவரை உயிரோடு இல்லை. தாத்தா சாகிறார், பிரசவத்தில் ஒருத்தி சாகிறாள், யாரும் அகப்படாவிட்டால் வீட்டு மாட்டையாவது சாகடித்துவிடுகிறார்கள். வேறு வருஷமாக இருந்தால் நானும் மூக்கைச் சிந்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். அந்த வருஷம் எனக்கு அந்த வசதி இல்லை.

மாசியில் அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மாமா இறந்து வருஷக்கணக்காகிறது, பிள்ளைகளும் இல்லை. அவளுடைய அம்பத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காட்டுப்பாக்கத்தில் என் ஃப்ளாட்டுக்கே கூட்டி வந்தேன். அவள் தெருமுனையில் நின்று பேசினால் அடுத்த தெருவில் கேட்கும். அந்த வாயிலிருந்து 'இன்னா', 'தண்ணி', 'வோணாம்' என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கப் பூந்தமல்லியிலிருந்து ஒரு பெண் வருவாள். "தினமும் சத்தமா கதை படிங்கம்மா. வாக்கியத்தோட கடைசி வார்த்தைய மட்டும் சொல்லாம நிறுத்துங்க. அவங்களே சொல்லட்டும். தப்பா சொன்னாலும் பரவால்ல, சொல்லணும்" என்றாள்.

நான் பெரிய வாசகி ஒன்றுமில்லை. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் பக்கம் ஓர் அலமாரி உண்டு. ஐ.டி. வேலைக்காரர்கள் வீடு காலி செய்யும்போது வேண்டாத புத்தகங்களை அதில் போட்டுவிட்டுப் போவார்கள். கைக்கு வந்ததை எடுத்து ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த சில நாட்களிலேயே, பங்குனியில், எங்கள் தம்பி போய்விட்டான். ஆவடி ஃபாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸில் குடித்தனம். காலை ஷிப்டுக்குக் கிளம்பியவன் பைக்கின் ஸ்டாண்டைத் தள்ளும்போதே சாய்ந்துவிட்டான். சின்ன வயதில் அம்மா போன பிறகு அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டு வளர்த்தவள் அக்கா. அவளுக்கு இருந்த ஒரே பிள்ளை அவன்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இன்னொரு அட்டாக் வந்தா தாங்காது, எந்த அதிர்ச்சியும் கூடாது" என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதனால் அக்காவிடம் சொல்லவே கூடாது என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே பேச்சாக முடிவு செய்தார்கள். நானும் தலையாட்டினேன்.

அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அக்காவிடம், "ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்துடறேன்க்கா" என்றேன். ஆவடிக்குப் போய்ப் புடவையை மாற்றிக்கொண்டேன், தம்பியை வழியனுப்பினேன், தலைமுழுகினேன், மறுபடி பட்டுப்புடவையைச் சுற்றிக்கொண்டு திரும்பினேன். அக்கா இடது கையை வாய்க்குக் கொண்டுபோய்ச் சாப்பாடு எப்படி என்று கேட்டாள். "நல்லாருந்துச்சுக்கா. பாயசம்தான் கொஞ்சம் நீர்த்துப்போச்சு" என்றேன். இந்த வாய் எப்படி அதைச் சொன்னதோ, எனக்கே தெரியாது.

தம்பிக்கு வடக்கே ஏதோ ஃபாக்டரியில் டூட்டி போட்டிருக்கிறார்கள், உள்ளே போன் விடமாட்டார்கள் என்று ஒரு கதை தயாரானது. அக்கா கேட்டுக்கொண்டாள். என் கவலையெல்லாம் புத்தகங்கள்தான். செத்தான் என்ற சொல்லை அவள் முகத்துக்கு எதிரே வாய்விட்டுப் படித்தால் நான் உடைந்துவிடுவேன் என்று தெரியும். ஆகவே சமையலறையில் முன்கூட்டியே புரட்டி, சாவு வருகிற இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். வாசிக்கும்போது அங்கே தாண்டிவிடுவேன்.

முதலில் ஒரு தடிமனான விவசாயக் குடும்பக் கதை. அதில் பெரியவர் சாகிற இடத்தில் நான் அவரைக் காசிக்கு அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வராமலே பிள்ளைகள் நிலத்தைப் பங்கு போட, அக்கா புருவத்தைத் தூக்கி "காசி?" என்றாள். "இன்னும் வரலக்கா, ரயில் லேட்டு" என்றேன். எழுதியவர் மண்ணைப் பற்றி எழுதினால் கையில் ஒட்டுகிறது, மனிதர்களைப் பற்றி எழுதினால் அறுக்கிறார். அடுத்தது ஒரு துப்பறியும் நாவல். முதல் பக்கத்திலேயே பிணம்! கொலையைப் பிடுங்கிவிட்டால் அதில் என்ன மிச்சம்? பிணத்தை மயக்கம் போட்டு விழுந்தவனாக்கினேன். 'இவரை மயக்கம் போட வைத்தது யார்' என்று இன்ஸ்பெக்டர் வீடு வீடாக விசாரிக்க, கோணிய வாயோடு அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான். நானும் சிரித்தேன்.

வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்த ஒன்று. எல்லோரும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறார்கள். யாராவது இருமினாலே எனக்குப் பகீர் என்றது. பாதியில் மூடிவிட்டேன். விடியற்காலையில் எழுந்தால் வாழ்க்கை மாறும் என்று ஒரு புத்தகம். சாவில்லாதது அது ஒன்றுதான். காலமெல்லாம் விடியுமுன் எழுந்து வாசல் தெளித்த அக்கா அதைக் கேட்டபடியே தூங்கிவிட்டாள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் புத்தகங்களால் அவளுக்கு வார்த்தைகள் திரும்பின. 'மழை பெய்து ஊரெல்லாம்…' என்று நிறுத்தினால் "வெள்ளம்" என்பாள். 'பசிக்கு அவள் போட்டது சூடான…' என்றால் "சோறு." கத்திரி வெயில் தொடங்குவதற்குள் இரண்டு மூன்று வார்த்தைகளைக் கோர்த்துப் பேசினாள். அதற்காக எழுதினவர்கள் எல்லோருக்கும் கும்பிடு போடலாம்.

நடுவில் ஒருநாள், "அவ எங்க?" என்று கேட்டாள். தம்பி பெண்டாட்டியைத்தான். வரவழைக்காமல் முடியவில்லை. லிஃப்ட் பக்கத்தில் வைத்து அவள் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைப் போட்டு, நெற்றியில் நானே குங்குமம் வைத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அடிப்பாவி, இதையும் செய்கிறாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். உள்ளே வந்து "எப்படி இருக்கீங்க அண்ணி?" என்று அக்காவிடம் கேட்டவள், இருந்தவரைக்கும் தலை நிமிரவே இல்லை. அவள் போன பின் அக்கா கதை வேண்டாம் என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கடைசியாக எடுத்தது அட்டை கிழிந்த ஒரு சின்ன நாவல். அக்காவும் தம்பியும் கதை. அந்தத் தம்பி குறும்புக்காரன், பொய் சொல்லிக் காசு வாங்குகிறவன், அக்காவை 'ஏய்' என்று கூப்பிடுகிறவன். பாதிக்குமேல் காய்ச்சலில் சாகப்போகிறான் என்று முன்பே படித்துத் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் அதைத்தான் வாசித்தேன். செத்துப்போகிறவரைக்கும் அவன் நன்றாகப் பேசினான். அவனோடு கொஞ்ச நாள் இருக்கலாமே என்ற ஆசைதான் எனக்கு. அந்தக் கோடையில் உண்மையிலேயே பிடித்த புத்தகம் அது. எழுதியவர் எங்கேயும் அழவில்லை, அதனால் பிடித்தது.

பென்சில் கோடு போட்ட பக்கம் வந்த மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும்தான் வீட்டில். அந்தத் தம்பியை வேலைக்காக வெளியூர் அனுப்பிவிடுவது என்று யோசித்து வைத்திருந்தேன். "மறுநாள் அக்கா கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது தம்பி…" என்று படித்தேன். பழக்க தோஷம், நிறுத்திவிட்டேன்.

"செத்துட்டான்" என்றாள் அக்கா. குழறாமல் சொன்னாள்.

"இல்லக்கா, ஊருக்குக் கிளம்பிப் போயிட்டான்னு…"

அவள் இடது கையைப் புத்தகத்தின் மேல் வைத்து அழுத்தினாள். "செத்துட்டான். நம்ம… நம்ம தம்பி."

எவ்வளவோ பொய் சொன்னவள்தான் நான். "ஆமாக்கா" என்றேன்.

"எப்போ?"

"பங்குனியில. கல்யாணம்னு சொல்லிட்டுப் போனேனே…"

பளார் என்று என் தோளில் ஓர் அடி விழுந்தது. பிறகு இன்னொன்று. "பாவிங்களா! அழ… என்னை… அழ உடலியேடி!" அவள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, மறு பக்கத்தால் அவன் செல்லப்பெயரைச் சொல்லி ஓலமிட்டாள். ரத்த அழுத்தம் ஏறுமே, டாக்டருக்கு போன் பண்ணலாமா, மாத்திரை எங்கே என்று எழுந்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீயும் அழுடி" என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, அவன் போனதிலிருந்து நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. ஆவடியில் கண் சிவந்தால் வீட்டில் அக்கா கண்டுபிடித்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள் நான். அவள் மடியில் விழுந்தேன். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். எங்கள் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டிருக்க வேண்டும். யாரோ கதவைத் தட்டினார்கள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்தேன். எதிர் ஃப்ளாட்டுப் பெண், பதறிப்போய் நின்றாள். "என்னங்க ஆச்சு? அக்காவுக்கு ஏதாவது…?"

"எங்க தம்பி… தவறிட்டான்" என்றேன்.

"ஐயோ, எப்பங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அக்கா பதில் சொன்னாள்.

"இன்னிக்கு."