வரையாட்டுப் பாறையில் மச்சினன் கயிறு

அம்புரோஸ் சங்குக்குளி வள்ளத்தில் கயிறு பிடிப்பவர். பதினொரு வருஷமாக அவர் கயிற்றில் கடலுக்குள் இறங்குகிறவர் அக்காள் அல்போன்சாவின் புருஷன் சிலுவை. தூத்துக்குடியில் குளிக்கிறவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பான். கூடப் பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான் என்று நம்பிக்கை. சிலுவை முங்கியதும் அம்புரோசும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். தன் நெஞ்சு முட்டியதும் இழுத்துவிடுவார்.

எழுபத்துநாலாம் வருஷம் மாசியில் கடல் கலங்கிக் கிடந்தது; தொழில் இல்லை. பாபநாசத்துக்கு மேலே மலையில் காட்டிலாகாக் காவலராக இருந்த பழகிய ஆள் செந்தூர்பாண்டி, வரையாடு கணக்கெடுக்கக் கயிற்றில் இறங்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று இருவரையும் கூப்பிட்டிருந்தார்.

மேகம் தொடும் புல்வெளி. அது முடிகிற இடத்தில் செங்குத்துப் பாறை. பெட்டை ஆடுகள் குட்டிகளோடு அந்த விளிம்பில்தான் மேய்ந்தன. சிறுத்தை வந்தால் பாறையில் பாய்ந்து இறங்கிவிடும். பெரிய கிடாக்கள் தனியே எங்கோ திரிந்தன.

மூன்றாம் நாள் காலையில் ஒரு தாயாடு விளிம்பை விட்டு நகராமல் சீழ்க்கை மாதிரிக் கத்தியது. கீழே பாறைத் திட்டில், யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் அதன் குட்டியின் கால்.

“எறங்குதியளா அண்ணாச்சி?” என்றார் செந்தூர்பாண்டி.

“எறங்குதேன். ஆனா கயித்த மச்சினன்தான் பிடிக்கணும்” என்று சிலுவை இடுப்பில் முடிச்சுப் போட்டார்.

அம்புரோஸ் அந்த முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். கடலில் கயிறு நழுவினால் ஆள் மிதந்தாவது வருவான். இங்கே கீழே வெறும் பள்ளம். வீட்டில் அக்காள் ஏழு மாசம்.

சிலுவை இறங்கினார். மூடுபனி மாதிரி மஞ்சு வந்து அவரை மூடியது. கொஞ்ச நேரத்தில் அம்புரோஸ் கண் பிதுங்க, வெறி பிடித்தவர்போல் இழுத்தார்.

“ஏலே! ஏன்லே இழுக்க? கண்ணியத் தொடப் போனேன், தூக்கிட்டியே!” என்று மஞ்சுக்குள்ளிருந்து சிலுவை கத்தினார்.

“மூச்சு முட்டிச்சு மச்சான்!”

“யாருக்குலே? இங்கன காத்து ஆளத் தூக்குது. எறக்கு!”

செந்தூர்பாண்டி சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுபடி இறக்கும்போது அம்புரோஸ் ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை உரக்கச் சொன்னார். சொல்லிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாதே. பதினாலாவது தடவையில் கயிறு இரண்டு முறை அசைந்தது. இழுத்தார்.

முதலில் வந்தது குட்டி. நொண்டிக்கொண்டே, கால் வைக்க இடமில்லாத பாறையில் துள்ளி ஏறி, தாயின் மடியை முட்டியது. அப்புறம் முழங்கை சிராய்ந்து, வாயில் கம்பியைக் கவ்வியபடி சிலுவை.

“பாத்தியாலே, அதுக்குக் கயிறும் வேண்டாம், மச்சினனும் வேண்டாம்” என்றார்.

அம்புரோஸ் கயிற்றை விடவில்லை. அவரை விளிம்பிலிருந்து நாற்பதடி தள்ளி இழுத்துக்கொண்டு போன பிறகுதான் முடிச்சை அவிழ்த்தார்.