வயலின் தலைக்கு ஒரு தாங்கி

எங்கள் கர்நாடக முறை வயலினைத் தாங்குவது வலது பாதம்தான். சப்பணம் போட்டு உட்கார்ந்து, வலது காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, கணுக்காலுக்குப் பக்கத்தில் வயலினின் தலையை வைத்துக்கொள்வோம். அடிப்பக்கம் இடது தோளோரம் அழுந்தியிருக்கும். இரண்டு பக்கமும் பிடிமானம் கிடைத்துவிடுவதால் இடது கை வயலினைப் பிடிக்க வேண்டியதில்லை. தந்தியின்மேல் இஷ்டத்துக்கு வழுக்கிப் போய் வரலாம். கமகமெல்லாம் அப்படித்தான் வருகிறது. மேற்கத்திய முறைக்காரர்கள் தாடையில் இடுக்கி, நின்றுகொண்டே வாசித்துவிடுவார்கள். அவர்களுக்கு முட்டி தேய்ந்தால் வலிக்கும், அவ்வளவுதான். எனக்கு முட்டி தேய்ந்தால் வயலினை வைக்க இடமில்லை.

ஜனவரியில் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டி, இனிமேல் தரையில் உட்காரக் கூடாது, சப்பணம் கூடவே கூடாது என்றார் டாக்டர். ஐம்பத்தேழு வயதில் இதெல்லாம் வருவதுதான் என்று ஆறுதலும் சொன்னார். எனக்கு ஆறுதல் வேண்டாம், அக்டோபர் மாதம் நவராத்திரிக் கச்சேரிக்கு ஒரு கால் வேண்டும் என்று வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப் பிறந்தவர் அல்ல. இங்கே சிங்கப்பூரில் ஆங் மோ கியோ பக்கம் இருக்கும் பாடகி, என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். சிராங்கூன் சாலையில் ஒரு கோயிலில் வருடாவருடம் நவராத்திரி இரண்டாம் நாள் அவர் பாடுவார். இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது நான். எனக்கு வேறு பெரிய மேடை கிடையாது. பகலெல்லாம் தஞ்சோங் பகாரில் ஒரு அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் பார்க்கிறேன். அக்காவின் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டடி இடம்தான் என்னை வயலின்காரி ஆக்கியது. அந்த இடம் போய்விடும் என்று பயந்தேன். சென்னையிலிருந்து கணவனோடு வந்து இறங்கும் பெண்களில் பாதிப் பேர் வயலின் வாசிக்கிறார்கள், எல்லாருக்கும் இளமுட்டி. ஆகவே அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு தாங்கி கண்டுபிடித்து, நாற்காலியில் உட்கார்ந்து பழகி, சரியாக வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நினைத்த மாதிரி தாங்கி கடையில் இருந்தால்தானே. பிராஸ் பாசா பக்கம் ஒரு இசைக்கருவிக் கடைக்குள் போய், வயலின் ஸ்டாண்ட் வேண்டும் என்றேன். தலைமுடிக்கு நீலச் சாயம் அடித்திருந்த சீன விற்பனையாளர் உற்சாகமாக ஒன்றை எடுத்து வந்தார். வயலினைக் கண்ணாடி அலமாரியில் வைப்பது போல நிமிர்த்தி வைக்கும் ஸ்டாண்ட். இல்லை, வாசிக்கும்போது வேண்டும் என்றேன். உடனே இசைக்குறிப்புத் தாள் வைக்கும் ஸ்டாண்டைக் கொண்டுவந்தார்.

"ஆண்ட்டி, வாசிக்கும்போது கையில பிடிச்சிருப்பீங்க லா, அப்புறம் எதுக்கு ஸ்டாண்ட்?" என்று அவர் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் கேட்டதற்கு வாயால் பதில் சொல்ல முடியவில்லை. டிரம் வாசிப்பவர் உட்காரும் வட்ட முக்காலியில் உட்கார்ந்து, அவர்கள் வயலின் ஒன்றை வாங்கி, தலை கீழ்நோக்கி இறங்க, அடி தோளில் பட வைத்துக் காட்டினேன். வயலினின் தலை அந்தரத்தில் நின்றது. அந்தத் தலைக்கு அடியில் விரலை நீட்டி, "இங்க" என்றேன். கடையில் இருந்த இரண்டு மூன்று பேர் வேடிக்கை பார்த்தார்கள். மனிதர் குனிந்து பார்த்துவிட்டு, "ஓ, உங்களுக்கு ஒரு பாதம் வேணும்" என்றார். அவ்வளவு சரியாக அதுவரை யாரும் புரிந்துகொள்ளவில்லை.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து தேடினோம். கிட்டார்காரர்கள் கால் வைக்கும் குட்டிப் பலகை உயரம் பற்றவில்லை. கேமரா முக்காலியில் வைத்தால் வயலின் ஊஞ்சல் ஆடியது. கிட்டார் கழுத்தைத் தாங்கும் மரக்கட்டை நல்ல கனம். அதையும் வயலின் பெட்டியையும் குடையையும் தூக்கிக்கொண்டு வீடு இருக்கும் சுவா சூ காங்கிலிருந்து எம்ஆர்டி ரயில் ஏறினால் மறு முட்டியும் போய்விடும். எனக்கு வேண்டியது மடக்கினால் கைப்பைக்குள் போக வேண்டும். கோயில் தரை மழமழவென்று இருக்கும், வழுக்கக் கூடாது. தந்தியை முறுக்கும் பிருடைகளில் இடிக்கக் கூடாது, இடித்தால் சுருதி இறங்கிவிடும். கடைசியில் மேசையில் வைக்கும் மைக்குக்கான சின்ன முக்காலி ஒன்று அகப்பட்டது. ரப்பர் கால்கள். தண்டை இழுத்தால் முழங்கால் உயரத்துக்கு வரும், தள்ளினால் குடை அளவுக்குச் சுருங்கிவிடும். உச்சியில் கவட்டை மாதிரி ஒரு கவையைத் திருகி, அதற்குப் பஞ்சுப் பட்டையும் ஒட்டிக் கொடுத்தார். வயலினின் தலை அதில் பொருந்தி உட்கார்ந்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வீட்டில் சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம் பழகினேன். சஹானா ராகம் பழையபடி குழைந்து வந்தது. என் கணவர் சோபாவில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தவர் ஒரு நாள் கேட்டார்: "அக்கா கீழ உட்காந்துதானே பாடுவாங்க? நீ மேல உட்காந்து வாசிப்பியா?"

கவையையும் ரப்பர் காலையும் பார்த்துப் பார்த்து வாங்கியவளுக்கு இது தோன்றவே இல்லை. நான் பக்கவாத்தியம். பாடுகிறவர் தரையில் இருக்க, என் முழங்கால் அவர் முகத்துக்கு நேரே இருக்கும். போதாததற்கு, போன வருடம் வேறொரு கச்சேரியில் ஒருவர் அப்படித்தான் நாற்காலி போட்டு வாசித்தார். திரும்பி வரும் வழியில் அக்கா சிரித்துக்கொண்டே, "பாடறவங்க தரையில, வாத்தியம் சிம்மாசனத்துல" என்றார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். எனக்கு வேண்டும்தான்.

"அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு" என்றார் கணவர்.

"சொல்லிக்கலாம். உங்க வேலையப் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன்.

தாழ்வான முக்காலி ஒன்று வாங்கி, தாங்கியின் தண்டைக் கடைசி வரை இறக்கிப் பார்த்தேன். அதில் உட்கார்ந்தால் வலது காலை நேராக நீட்ட வேண்டியிருந்தது. மேடை சன்னிதியைப் பார்த்தபடி இருக்கும். சாமிக்கு எதிரே காலை நீட்டி உட்காருகிறவளை அந்தக் கோயில் பெண்கள் அடுத்த நவராத்திரி வரை பேசுவார்கள். நானே பேசுவேன்.

கச்சேரிக்கு மூன்று வாரம் இருந்தபோது, வேலை முடிந்து ஒத்திகைக்கு ஆங் மோ கியோவுக்குப் போனேன். தாங்கி கைப்பையில் இருந்தது. கதவைத் திறந்ததும் எடுத்துக் காட்டி, அக்கா, என் கதையைக் கேளுங்கள் என்று ஆரம்பிப்பதாகத் திட்டம். ரயிலில் அதைப் பத்து முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். உள்ளே போனால் கூடத்தில் இரண்டு பாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, சுருதிப் பெட்டியைப் போட்டுவிட்டு அக்கா உட்கார்ந்திருந்தார்.

"வா வா, லேட்டாயிடுச்சு. உட்காரு."

உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. சப்பணம் போட்டு, வலது காலை முன்னால் தள்ளி, வயலினை வைத்தேன். முதல் பாட்டு வரை தாங்கியது. சஹானா ஆலாபனையை அக்கா மெதுவாக இழுக்க ஆரம்பித்ததும் முட்டிக்குள் கத்தியைத் திருகுவது போல வலித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். உடம்பு முழுவதும் விறைத்து, வில் பிடித்த கை வெடவெடவென்று நடுங்கியது. நீளமாக வர வேண்டிய சுரம் துண்டு துண்டாக வந்தது.

அக்கா பாட்டை நிறுத்திவிட்டு என் வலது கையைப் பார்த்தார்.

"கை ஏன் நடுங்குது?"

"ஒண்ணுமில்லக்கா. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி. சாப்பிடல."

"எத்தனை நாளா இப்படி?"

"இன்னிக்குத்தான்."

அக்கா எழுந்தார். உள்ளே போய் ஒரு தட்டில் இட்லி வைத்துக் கொண்டுவந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை சுருதிப் பெட்டி பாடிக்கொண்டே இருந்தது. அன்று அதற்கு மேல் நாங்கள் வாசிக்கவில்லை.

நான்கு நாள் கழித்துப் போன் வந்தது. இந்த வருடம் எனக்கு ஓய்வு என்றும், வேறு ஒரு பெண்ணைப் பேசிவிட்டதாகவும் அக்கா சொன்னார். குரல் ஒரு மாதிரி இருந்தது. "நீயும் உடம்பப் பாத்துக்கணும் இல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். முட்டியைப் பற்றி யாரோ சொல்லிவிட்டார்கள், நாற்காலிக்காரி வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்துக்கு மரியாதை இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன். இனி விளக்கம் சொன்னால் கெஞ்சுவது போல இருக்கும்.

"சரிக்கா" என்று மட்டும் சொன்னேன்.

கச்சேரிக்குப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். வயதானவர்களுக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் நன்றாக வாசித்தாள். குறை கண்டுபிடிக்க மெனக்கெட்டேன், கிடைக்கவில்லை. அக்காதான் வழக்கம் போல இல்லை. கண்ணை மூடிக்கொண்டே பாடினார், ஒரு முறைகூடப் பக்கத்தில் திரும்பிச் சிரிக்கவில்லை. மங்களம் பாடி முடித்ததும் மைக்கைப் பிடித்து, "இத்தனை வருஷம் பாட விட்டீங்க. ரொம்ப நன்றி. அடுத்த வருஷத்துலேருந்து இளையவங்க பாடட்டும். நான் கீழ உட்காந்து கேக்கறேன்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இதைக்கூட என்னிடம் சொல்லவில்லையே என்று எழுந்து நடந்தேன்.

மண்டபத்தில் மூன்று படி இறங்க வேண்டும். கம்பியை இறுகப் பிடித்து, வலது காலை முதலில் இறக்கி, அதன் பக்கத்திலேயே இடது காலையும் கொண்டுவந்து, மறுபடி வலது கால். இரண்டாம் படியில் நிமிர்ந்தபோது கீழே அக்கா நின்றிருந்தார். என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால்ல என்ன?"

"முட்டிக்கா. தேஞ்சு போச்சு. ஜனவரியிலேருந்தே."

"அப்ப அன்னிக்கு நடுங்கினது?"

"வலி தாங்கல. கீழ உட்காரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு."

அக்காவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. சுற்றி ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"ஏண்டி சொல்லல?"

"நாற்காலியில உட்காந்தா உங்களுக்கு மேல வந்துருவேன். நீங்க வேற ஆளப் பாத்துடுவீங்கன்னு பயந்தேன்."

"நாற்காலின்னா ரெண்டு நாற்காலியாப் போட்டிருக்கலாம். அதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கியது. "எங்கப்பாவுக்குக் கை நடுக்கம் இப்படித்தான் ஆரம்பிச்சுது. அப்புறம் ஸ்பூன்கூடப் பிடிக்க முடியல. உனக்கும் அதுதான்னு நெனச்சேன். எல்லார் முன்னாலயும் உன் வில் கீழ விழுந்துடக் கூடாதுன்னுதான் வேற ஆளப் போட்டேன். உங்கிட்ட கேக்க தைரியம் வரல."

நான் படியிலேயே நின்றிருந்தேன். கீழே இறங்கி அவர் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. கம்பியை விட முடியவில்லை.

"சரிக்கா, நான்தான் தப்பு பண்ணிட்டேன். ஆனா நீங்க ஏன் இனிமே பாடலன்னு சொன்னீங்க? உங்க குரல் நல்லாத்தானே இருக்கு?"

அக்கா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"உன் கைதான் போச்சே, நீ பக்கத்துல இல்லாம என்ன பாட்டுன்னு சொல்லிட்டேன்" என்றார்.