தாடைதான் கடைசியாக வரும்

முகம் வளர்வதைக் காத்திருந்து பார்ப்பதுதான் பல்லுக்குக் கம்பி போடுகிறவர்களின் தொழில், பல்லெல்லாம் பிறகுதான். சண்டைக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் அப்படியொரு கிளினிக்கில் நான் உதவியாளனாக இருந்தேன். வாய் நிறையப் பசையை அப்பி, அது இறுகும்வரை ஓங்காளத்தை அடக்கச் சொன்ன ஒருவனை நீங்கள் இன்னும் மன்னிக்கவில்லையென்றால், அது நானாகவும் இருக்கலாம். இத்தனை வருசம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த பிறகும், காலி நகருக்குப் போகும் காலி வீதியில் என்னைக் கண்டு வாயைப் பொத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

முயல் பல்

எட்டு வயது மகளோடு ஒரு அம்மா வந்தார். பிள்ளையின் முன்பல் இரண்டும் கதவுபோல நின்றன. டொக்டரம்மா பொறுமையாக விளக்கினார்: மண்டையோடு ஆறேழு வயதுக்குள் ஏறக்குறைய முழு அளவுக்கு வந்துவிடும். விழுந்து முளைக்கிற பல் முளைக்கும்போதே பெரிய ஆளின் பல்தான். மூக்கும் கன்னமும் ஆறுதலாக வரும். கீழ்த்தாடை எல்லாருக்கும் பின்னால். "இப்ப கம்பி வேண்டாம், முகம் வளரட்டும்."

அந்த அம்மா மகளின் நாடியைப் பிடித்துத் தூக்கி, அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "மண்டையும் வந்திட்டுது, பல்லும் வந்திட்டுது. மூஞ்சி எப்ப டொக்டர் வரும்?"

அரத்தால் ஆகாதது

தயாபரன் பதின்மூன்று வயதில் எங்களிடம் வரத் தொடங்கியவன். இடைக்கிடை அவன் பல்லுக்கு அச்சு எடுத்து, சாந்து ஊற்றி, பெயரும் வயதும் எழுதி அலுமாரியில் வைத்திருந்தோம். பத்தொன்பதில் ஒருநாள் அம்மாவோடு ஓடி வந்தான். வீடு கொட்டாஞ்சேனை, வேலை வெள்ளவத்தைப் புடவைக்கடை, இடையில் ஆமியின் செக் பொயின்ற். ஐசி என்கிற அடையாள அட்டையில் இருந்தது பதினாறு வயதுப் படம்: நாடியே இல்லாத ஒரு பொடியன். நேரில் நின்றதோ மேற்பல்லைத் தாண்டி முன்னுக்கு வந்த தாடை. தினமும் பஸ்ஸால் இறக்கி, இருத்தி, விசாரித்து விட ஒன்றரை மணித்தியாலம். இன்னும் ஒருநாள் பிந்தினால் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். புது ஐசி கைக்கு வர மாதக்கணக்காகும்.

"கொஞ்சம் அராவி விடுங்கோவன்" என்றார் அம்மா. வளர்ச்சி நிற்கும்வரை அதில் கைவைக்க முடியாது என்றார் டொக்டரம்மா. தயாபரன் நாடியைத் தடவிக்கொண்டே கேட்டான்: "இது நிக்குமோ டொக்டர், இல்லாட்டி புது ஐசி வாறதுக்குள்ள அதையும் தாண்டிப் போயிடுமோ?"

பிஸ்கட் தகரம்

இரண்டு மொழியில் படித்த குற்றத்துக்காக, தயாபரனுக்காக ஆமிக்குச் சிங்களத்தில் கடிதம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. 'மனிதருக்குத் தாடை கடைசியாக வளரும்' என்று தொடங்கினேன்; வாசிக்க அரசாங்க அறிவித்தல்போல இருந்தது. டொக்டரம்மா கையெழுத்துப் போட்டு, அவன் பல்லுக்கு அன்றைக்கே புது அச்சும் எடுப்பித்தார். மறுநாள் காலை கடிதத்தோடும், சாந்துத் தாடைகள் வைத்த பிஸ்கட் தகரத்தோடும் நானும் அவனோடு கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறினேன்.

செக் பொயின்ற்றில் ஆமிக்காரன் மூடியைத் திறந்தான். மூன்று சோடிப் பல் அவனைப் பார்த்து இளித்தன. இரண்டடி பின்னால் பாய்ந்து சார்ஜன்ட்டைக் கூப்பிட்டான். சார்ஜன்ட் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். தாடைகளை மணல் மூட்டையின் மேல் பதின்மூன்று, பதினாறு, பத்தொன்பது என்று வரிசையாக வைத்தார். தயாபரனை இளிக்கச் சொன்னார். குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். பஸ் முழுக்க யன்னலால் எட்டிப் பார்த்தது. இது சரிவந்தால் அவன் வேலை தப்பும்; சரிவராவிட்டால் விசாரணைக்கு நானும் சேர்த்தி.

கடைசியில் பத்தொன்பதை மட்டும் எடுத்துக் காவல் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு, சிங்களத்தில் தம்பி முறை வைத்துச் சொன்னார்: "மல்லி, இது இங்கேயே இருக்கட்டும். ஐசி காட்ட வேண்டாம். காலையில வந்து பல்லைக் காட்டிப்போட்டுப் போ."

கூறைச்சேலை

அதன்பிறகு தயாபரன் ஒருநாளும் பிந்தவில்லை. இறங்குவான், இளிப்பான், ஏறுவான். காவலுக்கு ஆட்கள் மாறும்போது, மற்றச் சாமான்களோடு அவன் தாடையையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்களாம்.

ஒரு மாதம் கழித்து நான் சாரம் வாங்க அவன் வேலைசெய்த புடவைக்கடைக்குப் போனேன். யாராவது முகத்தை உற்றுப் பார்த்தால் போதும், தயாபரனுக்குப் பல் வரிசை முழுக்கத் தானாக வெளியே வந்தது. கலியாணப் பெண்ணின் தாய் ஒருவர் கூறைச்சேலையை மேசையில் போட்டுவிட்டு வாசலுக்கே போய்விட்டார். முதலாளி கத்தினார்: "தம்பி, நேரத்துக்கு வாறாய், உன்னை நிப்பாட்டேல்லை. ஆனா சீலை பாக்க வந்த சனம் ஆமியில்லை, வாயை மூடு!"

பதினாறு வயதில் படம் பிடித்து இதுதான் உன் முகம் என்று எழுதிக் கொடுக்கத் தீர்மானித்தவர், அதற்கு முன் ஒரேயொரு பல் வைத்தியரிடம் போய் வாயைத் திறந்திருக்கலாம்.