இறக்கைக்கு அடியில் ஒரு கட்டைவிரல்

அண்ணன் குடும்பம் கொழும்புக்குக் குடிபோன அன்று, உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அந்தப் பச்சை விமானத்தை அண்ணி என் கையில் தந்தார். "நீயே வச்சுக்க தங்கச்சி. இது ஒன்னோடதுதான்" என்றார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து அலமாரியில் வைத்தேன்.

பதுளையில் எங்கள் துணிக்கடை மாடியில் அண்ணன் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானங்கள் செய்வார். வர்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சான பிரைமரை அடிப்பதற்கு முன்னால், விமானி உட்காரும் கண்ணாடிக் கூட்டின்மேல் மாஸ்கிங் டேப்பை அளவாக வெட்டி ஒட்டுவது என் வேலை. ஓரம் சரியாக அழுந்தாவிட்டால் வர்ணம் உள்ளே கசிந்துவிடும். நான் ஒட்டினால் எப்போதும் கொஞ்சம் கசியும். அண்ணன் சிரித்துக்கொண்டே சுரண்டி எடுப்பார். பிறகு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அண்ணி கல்யாணமாகி வந்தார். பள்ளி விடுமுறைகளில் தன் அம்மாவோடு மலையேறிக் கொழுந்து பறித்த விரல்கள். முதல் தடவையே பிளேடால் டேப்பை நூல் அகலத்துக்குச் சீவி ஒட்டினார். உரித்தபோது ஒரு பொட்டுக்கூடக் கசிந்திருக்கவில்லை. "பாத்தியா, எப்புடி இருக்குன்னு!" என்று அண்ணன் அதை என்னிடமே காட்டினார். மறுநாளிலிருந்து பிளேடு அண்ணி கைக்குப் போய்விட்டது. பதினேழு வயதில் எனக்கு மிஞ்சியது, இருவருக்கும் தேத்தண்ணி கொண்டுவரும் வேலை.

இந்த விமானத்துக்குச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்த அன்று மழை மூட்டம். பிரைமர் காயவே இல்லை. அவர்கள் சாப்பிடக் கீழே இறங்கியதும் இறக்கைக்கு அடியில் என் கட்டைவிரலை அழுத்தினேன். வேண்டுமென்றேதான். ரேகை அப்படியே பதிந்தது. அண்ணன் திரும்பி வந்து கத்தியபோது, அண்ணி என் விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் சாம்பல் நிறம். "என் கைதாங்க பட்டுருச்சு. அடிப்பக்கத்த நானே பாத்துக்கிறேன், விடுங்க" என்றார். அண்ணன் அன்று முழுக்க அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நல்லவராகவும் இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

போன வாரம் தூசு தட்டும்போதுதான் விமானத்தை முதல்முறையாகக் கவிழ்த்துப் பார்த்தேன். பச்சை விமானத்துக்கு அடிப்பக்கம் மட்டும் நீலம். இறக்கையின் அடியில் அந்த நீலத்துக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் என் ரேகை. அண்ணி அதைத் தேய்க்கவே இல்லை. கட்டைவிரல் வடிவத்தில் டேப்பை வெட்டி அதன்மேல் ஒட்டி, சுற்றிலும் வர்ணம் அடித்துவிட்டு உரித்திருக்கிறார். இத்தனை வருடமும் என்னைக் காட்டிக்கொடுக்காமல், மறக்கவும் மறக்காமல் இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. ஆனால் அது பிறகுதான் வந்தது. முதலில் நான் விமானத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்த ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடினேன். ஓர் இடத்தில்கூட வர்ணம் கசிந்திருக்கவில்லை.