தாழ்ந்த காரைத் துரத்திப் போன நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வாடகை வீட்டு வாசலில், ஒரு கையில் அளவு டேப்பும் மறு கையில் நோட்டுமாகக் குனிந்து எங்கள் கார் சீட்டின் உயரத்தை அளந்துகொண்டிருந்தேன். எதிர் வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே, "இன்னாம்மா, காருக்குச் சட்டை தைக்கப் போறியா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். காரணத்தைச் சொன்னால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

என் கணவர் பதினெட்டு வருடம் டிரெய்லர் ஓட்டியவர். சிப்காட் தொழிற்பேட்டையிலிருந்து இரும்பு ஏற்றிக்கொண்டு விஜயவாடா வரைக்கும் போய் வருவார். ஒரு நாள் லோடு மேல் ஏறி நின்று தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து கீழே விழுந்தார். முதுகெலும்பில் அடி. உயிர் பிழைத்தார், இடுப்புக்குக் கீழே வலு போய்விட்டது. தோளும் கையும் மட்டும் பழைய டிரைவருடைய தோளும் கையுமாகவே இருந்தன.

நான் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். வருகிற உதிரிப் பாகங்களை அளந்து சரி, தப்பு என்று பிரிப்பதுதான் வேலை. அவர் விழுந்த பிறகு நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்; பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். "உயரமான வண்டியா பாத்து வாங்கு, ஏறி எறங்க ஈஸி" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அது நடக்கிறவர்களுக்கு ஈஸி. சக்கர நாற்காலிக்காரருக்கு இல்லை என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் நடுவில் ஒரு வழவழப்பான பலகையைப் போட்டால், அவர் கையை ஊன்றி அதன் மேல் நகர்ந்து போய்விடுவார். மருத்துவமனையில் கட்டிலுக்கு அப்படித்தான் போய்ப் பழகியிருந்தார். ஆனால் எங்கள் கார் சீட்டு நாற்காலியைவிட மூன்றரை இன்ச் உயரம். பலகை சாய்ந்து நிற்கும். பாதி தூரம் போய் வழுக்கிக் கீழே வருவார். அதனால் ஒவ்வொரு தடவையும் ரெண்டு ஆண்கள் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். தூக்கும்போது லுங்கி விலகும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். நாளடைவில் செங்குன்றத்தில் பிசியோதெரபிக்குப் போவதைத் தவிர எங்கேயும் வருவதில்லை என்று ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் ஊத்துக்கோட்டையிலிருந்து அவர் தங்கை வந்தாள். ஆவணியில் மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் தட்டை வாங்கவில்லை. "அவங்க சித்தப்பா மடியில உக்கார வெச்சிக்கோம்மா. என்னை ரெண்டு பேரு மூட்டை மாதிரி தூக்கினு வர்றத ஊரே பாக்கணுமா?" என்றார். அவள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

அதற்கடுத்த ஞாயிறுதான் நான் டேப்பும் கையுமாக நின்றது. நாற்காலியை உயர்த்தினால் அது வீட்டில் மேசைக்கு அடியில் போகாது, குளியலறையிலும் சிக்கல். காரைத் தாழ்த்த முடியுமா? ஜி.என்.டி. ரோட்டில் தரையைத் தொடுகிற மாதிரிப் பதுங்கிப் போகும் பையன்களின் கார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் அழகுக்குச் செய்வதை நாம் அவசியத்துக்குச் செய்தால் என்ன?

கவரைப்பேட்டைப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டேன். "இன்னா மேடம், ரேஸ் உடப் போறீங்களா?" என்றுதான் அவரும் ஆரம்பித்தார். விஷயத்தைச் சொன்னதும், "நாலு சக்கரத்துலயும் ஸ்பிரிங்க ஒன்றரை சுத்து அறுத்துட்டா வண்டி மூணு இன்ச் உக்காந்துடும். ஒரு நாள் வேலை" என்றார்.

"தூக்கித் தூக்கிப் போடாதே? அவருக்கு முதுகுல அடிபட்டிருக்கு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மேடம்."

நான் நம்பினேன். கணவரிடம் சொல்லவில்லை. ஒரு நாள் திடீரென்று காட்டி அசத்த வேண்டும் என்று ஆசை.

அசத்தத்தான் செய்தேன். அந்தச் சனிக்கிழமை அவர் பலகையில் நகர்ந்து, யாருடைய கையும் படாமல் சீட்டில் போய் உட்கார்ந்தபோது என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. "இன்னா பண்ண வண்டிய?" என்று கேட்டார். "சொல்றேன், சொல்றேன்" என்று சிரித்துக்கொண்டே ஸ்டார்ட் செய்தேன். தெரு முனையில் முதல் வேகத்தடை. மெதுவாகத்தான் ஏற்றினேன். இறங்கும்போது வண்டிக்குள் சுத்தியலால் அடித்த மாதிரி 'தடால்' என்று ஒரு சத்தம். அவர் கத்திவிட்டார். விபத்து நடந்த அன்றுகூட அவர் அப்படிக் கத்தியதாக யாரும் சொன்னதில்லை.

பத்து நாள் படுக்கையை விட்டு எழவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அந்தப் பத்து நாளும் என் மண்டையை ஒரே கேள்வி குடைந்தது. ஸ்பிரிங்கைச் சின்னதாக்கினால் அது எப்படி இவ்வளவு முரடாகும்? வேலையிடத்தில் மதிய இடைவேளையில் ரெண்டு பால்பாயிண்ட் பேனாவைப் பிரித்தேன். ஒரு ஸ்பிரிங்கை அப்படியே வைத்துக்கொண்டேன். இன்னொன்றைப் பாதியாக வெட்டினேன். ரெண்டையும் தராசின் மேல் நிறுத்தி, ஒரே அளவு அமுங்கும் வரை விரலால் அழுத்திப் பார்த்தேன். வெட்டியதுதான் அதிக எடை காட்டியது, கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. கூட வேலை செய்கிறவள், "இன்னாக்கா, பேனாவுக்கு வைத்தியமா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் அளந்து பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற நான், அறுப்பதற்கு முன்னால் இதை அளந்து பார்க்கவில்லையே!

ஆனாலும் ஒரு சந்தேகம் தீரவில்லை. அப்படியென்றால் தாழ்ந்த கார் எல்லாமே இப்படித்தான் குதிக்குமா? அதை ஓட்டுகிறவர்கள் இதைத் தாங்கிக்கொண்டா ஓட்டுகிறார்கள்?

வலி தணிந்ததும் பிசியோதெரபிக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. சீட்டில் ரெண்டு தலையணை போட்டு, ஊர்ந்து ஊர்ந்து செங்குன்றம் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். வெயில் ஏறிய காலை நேரம். சோழவரம் வருவதற்குள் ஒரு சாம்பல் நிறக் கார் எங்களைத் தாண்டிப் போனது. எங்கள் வண்டியைவிடத் தாழ்ந்திருந்தது. நான் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரில் ஏறினால் வாயே திறக்காத என் கணவர் திடீரென்று முன்னால் சாய்ந்தார்.

"அந்த வண்டியப் பாத்தியா? மேட்டுல ஏறி எறங்குது, குதிக்கவே இல்ல. லோடு ஏத்துன டிரெய்லர் மாதிரி மெத்துனு போவுது. அது பின்னாடியே போ."

"முதுகு?"

"முதுகு கெடக்குது. நீ போ!"

போனேன். அந்தக் கார்க்காரன் வலது பக்கம் ஒதுங்கினால் நானும் ஒதுங்கினேன். அவன் சோழவரம் ஊருக்குள் திரும்பினான், நானும் திரும்பினேன். அவன் வேகத்தைக் கூட்டினான். எங்களுக்கு ஒவ்வொரு பள்ளத்திலும் 'தடால்' விழுந்தது. இவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "உடாத, உடாத" என்றார். எனக்குப் பயம் ஒரு பக்கம். பல மாதம் கழித்து அவர் குரலில் அந்தச் சூட்டைக் கேட்ட சந்தோஷம் ஒரு பக்கம்.

ஒரு டீக்கடை முன்னால் அந்தக் கார் நின்றது. முப்பது வயசு இருக்கும், தாடி வைத்த ஒருவர் இறங்கி வேகமாக வந்தார். "இன்னாக்கா, எங்கனா இடிச்சிட்டேனா? எதுக்கு இப்டித் தொரத்தினு வரீங்க?"

நான் திணறுவதற்குள் என் கணவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஒண்ணும் இல்ல நைனா. உன் வண்டி இவ்ளோ தாழ்வா இருந்தும் எப்டிக் குதிக்காம போவுது? அதைக் கேக்கத்தான் வந்தோம்."

அந்தத் தாடிக்காரர் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! பண்டிகைக்குப் புதுச் சட்டை போட்ட பையனிடம் 'யாரு தைச்சது?' என்று கேட்ட மாதிரி ஆகிவிட்டது. ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாராம். வண்டி வேலை அவருக்குப் பொழுதுபோக்கு. "தாழ்வா இருந்தாத்தான் எனக்குப் புடிக்கும். ஆனா பின்னாடி உக்கார்ற எங்கம்மா திட்டக் கூடாது இல்ல? ரெண்டு வருஷம் மல்லுக்கட்டி இதைக் கண்டுபுடிச்சேன்" என்றார்.

பின் சீட்டில் மடக்கி வைத்திருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தார். பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இதுவரை கார் விஷயம் பேசிய எல்லாரும் என்னிடம்தான் பேசினார்கள். இவர் என்னைத் தாண்டிப் போய், கணவர் பக்கத்துக் கதவருகே குந்தி உட்கார்ந்துகொண்டு அவரிடம் கேட்டார்.

"அண்ணா, ஏறும்போது அடிக்குதா, எறங்கும்போதா?"

"எறங்கும்போது. பின்னாடி சக்கரம்தான். முன்னாடி அவ்ளோ இல்ல."

"சத்தம் எப்டி?"

"கட்டையில மோதுற சத்தம். ஸ்பிரிங் வேலை செய்யறதுக்குள்ள அடியில போய் முட்டுது."

பத்து நாளாக நான் பேனாவைப் பிரித்துத் தேடிய பதிலை என் கணவர் படுத்த படுக்கையில் தெரிந்து வைத்திருந்தார். பதினெட்டு வருடம் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்து சோறு தின்றவர் ஆயிற்றே!

அந்தத் தம்பி சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு எனக்கும் விளக்கினார். ஸ்பிரிங்கை அறுத்ததால் அது விறைத்துப்போனது ஒரு தப்பு. ஷாக் அப்சார்பரை அதே பழைய நீளத்திலேயே விட்டது அதைவிடப் பெரிய தப்பு. வண்டி கீழே உட்கார்ந்ததும் அது ஏற்கெனவே முக்கால்வாசி அமுங்கி நிற்கிறது. மேடு வந்தால் அமுங்க மிச்சம் இருப்பது ரெண்டு விரல் இடம்தான். அதைத் தாண்டினால் ரப்பர் கட்டை. அதில் மோதும் சத்தம்தான் அந்த 'தடால்'. "தாழ்வா இருக்கறது பிரச்சினை இல்லக்கா. தாழ்ந்த பிறகு அமுங்க எடம் இருக்கணும். அதுக்குக் குட்டை ஷாக் அப்சார்பர் போடணும். ஸ்பிரிங்கையும் அறுக்கக் கூடாது, புதுசா சுத்தணும். மேல நெருக்கமா, கீழ அகலமா. சின்ன மேட்டுக்கு மெத்துனு இருக்கும், பெரிய மேட்டுக்கு இறுக்கிப் புடிக்கும்."

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் என்னைத் தலைகுனிய வைத்தது. அதையும் என்னிடம் கேட்கவில்லை.

"அண்ணா, உங்களுக்கு நெஜமா எவ்ளோ எறங்கணும்?"

"ஒன்றரை இன்ச் போதும்" என்றார் என் கணவர், யோசிக்காமல். "ஒரு இன்ச் நான் கையை ஊனி ஏறிடுவேன். சீட்டுப் பஞ்சுல ஒரு இன்ச் கொறைக்கலாம். மிச்சம் ஒன்றரைதான்."

மூன்று இன்ச் இறக்கச் சொன்ன நான் ரோட்டைப் பார்த்தேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லீங்க?" என்றேன்.

"நீ கேக்கலியேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் உள்ளேயே கிடக்கிறது.

அதன் பிறகு எல்லாம் என் கணவர் பொறுப்பில் நடந்தது. "மொதல்ல பேப்பர் வேலை" என்று சொல்லி, வண்டியில் செய்யும் மாற்றத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒப்புதல் கேட்டுத் தன் கையாலேயே மனு எழுதினார். அது கிடைக்கும்வரை, அறுக்காத ஸ்பிரிங் வாங்கி மாட்டி வண்டியைப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்து வைத்தோம். பிறகு அம்பத்தூரில் ஒரு பட்டறையில் ஸ்பிரிங் சுற்றி வாங்கினோம், சீட்டுப் பஞ்சையும் ஒரு இன்ச் குறைத்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தம்பி தன் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வேலை செய்தார். கூலி என்று பேச்செடுத்தால், "ஊட்ல நாஷ்டா போடுங்கக்கா, போதும்" என்பார்.

முதல் தடவை மாட்டி ஓட்டியபோது சத்தம் சுத்தமாகப் போயிருந்தது. எனக்கு அதுவே போதும். ஆனால் என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, "முன்னாடி சரி. பின்னாடி எறங்குன பிறகு ரெண்டு ஆட்டம் ஆடுது. ஒண்ணுதான் ஆடணும்" என்றார். தம்பி மறு பேச்சில்லாமல் பின்பக்க ஷாக் அப்சார்பரை இன்னும் கொஞ்சம் இறுக்கமானதாக மாற்றினார். மூன்றாவது ஞாயிறு டயரில் காற்றை லேசாகக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். ரெண்டு பேரும் பேசிக்கொண்டதில் பாதி எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு தடவையும் அதே வேகத்தடையில் ஏற்றி இறக்கி நானும் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். கடைசித் தடவை இறங்கியபோது வண்டி ஒரு முறை மூச்சு விட்ட மாதிரி அமுங்கி எழுந்தது. அவ்வளவுதான்.

"இது வண்டி" என்றார் என் கணவர்.

ஆவணியில் பெரியபாளையம் வழியாக ஊத்துக்கோட்டைக்குப் போனோம். பாதை மோசமாக இருந்த இடங்களில் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். "என்னைப் பாக்காத, ரோட்டப் பாரு" என்று அதட்டினார். மண்டபத்து வாசலில் தூக்கலாம் என்று நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். "நில்லுங்க" என்று கை காட்டினார். கதவைத் திறந்தார். நான் இறக்கி விரித்த நாற்காலியைப் பக்கத்தில் இழுத்தார், பலகையைப் போட்டார், கையை ஊன்றினார், வந்து உட்கார்ந்தார். வேட்டி விலகவில்லை. வந்தவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் விலகி வழி விட்டார்கள். அவர் தங்கை குழந்தையை அவர் மடியில் வைத்தாள். ஊசி இறங்கியபோது குழந்தை வீறிட்டது. இவர் அதைவிடச் சத்தமாகச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் திரும்பும் வழியில் தூங்கிப்போனார். காரில் அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இப்போதும் யாருக்காவது ஏதாவது செய்யலாம் என்று மனம் பரபரக்கும்போது, அவர்களிடமே போய் 'எவ்வளவு வேண்டும்?' என்று கேட்டுவிடுகிறேன். நான் நினைத்ததில் பாதிதான் பலருக்கும் தேவைப்படுகிறது, அந்தப் பாதி எது என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கிறது.